வார இறுதி விருந்தாளிகளும் ஐந்து நீலகிரித் தேயிலையும்: சுவைக்கவும் பலகாரத்தோடு சேர்க்கவும் முழு வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு இருந்தால், பொங்கல் விடுமுறைக்கும் மே மாதத்துக்கும் கோயம்புத்தூர், திருப்பூர்ச் சொந்தங்கள் வந்து இறங்காமல் இருக்க மாட்டார்கள். தொட்டபெட்டாவும் சிம்ஸ் பூங்காவும் பார்த்தாகிவிடும். ஊருக்குத் திரும்பும்போது பையில் சாக்லேட், வர்க்கி, ஒரு கிலோ தேயிலைத் தூள். ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்கத் தெரிகிற அந்தச் செடியின் நல்ல இலை எப்படி ருசிக்கும் என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது. மலைக்காரர்களும் விதிவிலக்கு இல்லை. நம் அடுப்பில் கொதிப்பது டஸ்ட் என்கிற பொடித்தூள். பெரிய இலை ரகங்களில் பெரும்பகுதி கப்பலேறிப் போய்விடுகிறது.

இரண்டு நாளில் இந்தக் குறையைத் தீர்த்துவிடலாம். ஒயினை வரிசையாக ஊற்றிவைத்துச் சுவைத்து, எதோடு எது சேரும் என்று பார்க்கிற வழக்கம் தேயிலைக்கும் அப்படியே பொருந்தும். இரண்டிலும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு ஒரே குடும்பத்துப் பொருள்களால் வருவது. அவை எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் காய்ந்தது போலாகிறது. தேயிலைத் தொழிலில் வடித்த தேநீருக்கு 'லிக்கர்' என்றே பெயர். மாமாவைப் போனில் அழைக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், வந்தபின் ஏமாற்றத்தை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் ஆறு பேருக்கு.

எதை வாங்குவது

ஐந்து ரகம் போதும். ஏழு ரகத்தைத் தாண்டினால் பழக்கமில்லாத நாக்கு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். ஒவ்வொன்றிலும் 50 கிராம் வாங்கினால் இரண்டு நாளும் தாராளம். டஸ்ட் மட்டும் 100 கிராம்.

முதலாவது கிரீன் டீ. கிடைத்தால் அதற்குப் பதில் மொட்டை மட்டும் பறித்துக் காயவைத்த ஒயிட் டீ. இரண்டாவது ஊலாங், இலை காற்றுப்பட்டுக் கறுப்பதைப் பாதி வழியில் நிறுத்தியது, பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் நிற்பது. மூன்றாவது ஆர்த்தடாக்ஸ் முழு இலை; எஃப்.ஓ.பி. அல்லது ஓ.பி. என்று போட்டிருக்கும். நான்காவது அதே ஆர்த்தடாக்ஸில் உடைந்த இலையான பி.ஓ.பி. ஐந்தாவது நாம் தினமும் குடிக்கிற சி.டி.சி. டஸ்ட்.

ஆர்த்தடாக்ஸ் என்றால் வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு உருட்டி முறுக்குவது. சி.டி.சி. இயந்திரம் 1930களில் அசாமில் வந்தது. பல்லுள்ள இரண்டு உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு மணி மணியாக விழும். நசுங்கிய இலை சாற்றைச் சீக்கிரம் விடும்; நிறமும் கனமும் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்க அந்தக் கனம் வேண்டும். வாசனையில் அது விட்டுக்கொடுத்ததை முறுக்கிய இலை வைத்திருக்கும். ஓ.பி. என்பதன் விரிவு 'ஆரஞ்சு பெக்கோ'. அதில் ஆரஞ்சுப் பழ வாசனையைத் தேட வேண்டாம். அது இலையின் அளவைச் சொல்லும் பெயர்தான்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்த மாதம் பறித்தது, எப்போது பாக்கெட் போட்டது, எந்தத் தோட்டம் அல்லது ஃபேக்டரி. மூன்றுக்கும் பதில் இல்லாமல் அட்டையில் 'பிரீமியம்' மட்டும் இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். நீலகிரியில் ஆண்டு முழுதும் கொழுந்து பறித்தாலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வருவதற்குத் தனி மதிப்பு உண்டு. பனிக்காலத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருப்பதால் கொழுந்து மெதுவாக வளர்கிறது; வாசனைப் பொருள்கள் அதில் செறிகின்றன. 'ஃப்ராஸ்ட் டீ' என்று விற்பது இந்தப் பருவத்து இலையைத்தான். உறைபனியில் கருகிய இலையில் செய்தது என்று சிலர் நினைக்கிறார்கள். கருகினால் அந்த இலை குப்பைக்குத்தான். குளிரைத் தாங்கி நின்ற கொழுந்துதான் டீயாகிறது. பொங்கலுக்கு வருகிறவர்கள் இதில் அதிர்ஷ்டசாலிகள். மே மாத விருந்தாளிகளுக்கு, காற்றுப் புகாமல் வைத்த ஜனவரிச் சரக்கு கிடைத்தால் அதுவே நல்லது.

சாக்லேட் டீ, ஏலக்காய் டீ, மசாலா டீ இந்த வரிசையில் சேராது. பக்கத்தில் வைத்தாலே மற்ற இலைகளுக்கு அந்த வாசனை ஏறிவிடும். பெயர் தெரியாத கடையில் வாங்கிய தூளாக இருந்தால் ஒரு சோதனை: வடிதாளில் ஒரு சிட்டிகை பரப்பி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சற்று விட்டு, தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் அழுத்தமான கறை நிற்கும்; நல்ல தூள் லேசான தடம்தான் விடும். ஒரு காந்தத்தையும் மேலே ஓட்டிப் பார்க்கலாம், இரும்புத்தூள் கலந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

மலையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது

பெரும்பாலான வழிகாட்டிகள் கடல் மட்டத்தில் உட்கார்ந்து எழுதியவை. சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியில் கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 92.5. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் வீணாகும். "இங்க வாங்கின டீயே எங்க ஊர்ல வேற மாதிரி இருக்கே" என்று சமவெளிக்காரர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது. மேட்டுப்பாளையத்தில் அதே இலை 99 டிகிரித் தண்ணீரில் வேகிறது. கனமும் துவர்ப்பும் கூடுதலாக இறங்குகின்றன.

இதோடு ஊட்டிக் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஜனவரிக் காலையில் அலமாரியிலிருந்து எடுத்த பீங்கான் கோப்பை ஐஸ் போல இருக்கும். அதில் ஊற்றிய உடனே தண்ணீர் பத்து டிகிரி இழந்துவிடும். அதனால் கோப்பைகளில் முதலில் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகுதான் இலை. இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் மற்ற எல்லாக் கவனமும் வீண்.

கிரீன் டீக்கும் ஒயிட் டீக்கும் 75 முதல் 80 டிகிரி போதும். கொதிநீரை அப்படியே ஊற்றினால் கசக்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. நான்கு பங்கு கொதிநீரில், முன்னமே காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் குன்னூர் வீட்டில் கிட்டத்தட்ட 78 டிகிரி கிடைக்கும்.

மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. தேயிலைக்குக் கும்பிட்டு வாங்க வேண்டியது. போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் தேநீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒரு ஏடு மிதக்கும், நிறமும் மங்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு இலையின் சாற்றோடு சேர்ந்ததன் விளைவு அது. இலையைக் குறை சொல்லாதீர்கள். குளோரின் வாடை இருந்தால் முந்தின இரவே வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வையுங்கள். எல்லா உப்பையும் உருவி எடுத்த ஆர்.ஓ. தண்ணீரில் ருசி தட்டையாகிவிடும். அதில் பாதியும் குழாய்த் தண்ணீரில் பாதியும் கலந்தால் சரியாகும்.

வெள்ளிக்கிழமை இரவு

எடுத்து வைக்க வேண்டியவை: 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரே அளவான ஐந்து பீங்கான் கோப்பைகள், மூட ஐந்து சாசர்கள், வடித்து ஊற்ற உள்ளே வெள்ளையாக இருக்கும் ஐந்து கிண்ணங்கள், வடிகட்டி, ஆளுக்கு ஒரு டம்ளரும் ஸ்பூனும், துப்புவதற்கு வாயகன்ற சொம்பு ஒன்று. எவர்சில்வர் டம்ளரில் குடிக்கலாம். நிறம் பார்க்க மட்டும் அது உதவாது, எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரியும்.

தராசு வேண்டாம், டீஸ்பூன் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு டீஸ்பூன் டஸ்ட் சுமார் 3 கிராம் நிற்கும்; அதே ஸ்பூனில் முறுக்கிய முழு இலை பாதிகூடத் தேறாது. 'இலை டீ சப்பென்று இருக்கிறது' என்ற புகார் பாதி வீடுகளில் இந்த ஸ்பூனிலிருந்துதான் பிறக்கிறது.

அடுத்து, வாசனைகளை வீட்டைவிட்டு அனுப்புவது. சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எதுவும் சனிக்கிழமை காலை வேண்டாம். எல்லாவற்றையும்விட எதிரி யூகலிப்டஸ் தைலம். குளிருக்கு மூக்கடைத்த விருந்தாளி ஒருவர் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், அந்த அறையில் ஐந்து டீயும் தைல டீதான். அவருக்கு ஆவி பிடிக்கக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அழையுங்கள். சனிக்கிழமைச் சிற்றுண்டியும் சாதுவாக இருக்கட்டும்: இட்லி, தேங்காய்ச் சட்னி. பூண்டுச் சட்னி, அதிலும் கொடைக்கானல் மலைப்பூண்டு அரைத்தது, மதியம் வரை நாக்கைவிட்டு இறங்காது.

சனிக்கிழமை காலை: சுவைத்தல்

நல்ல நேரம் பத்தரை மணி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், மூடுபனி விலகி ஜன்னல் வெளிச்சமும் வந்திருக்கும். ட்யூப்லைட்டில் நிறம் பார்க்காதீர்கள்.

உலகம் முழுக்கத் தேயிலையை ஒப்பிட ஒரு தரக்கட்டளை இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 3103. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். அதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரக்கட்டளை, டீ போடுவது எப்படி என்று ஆறு பக்கம் எழுதியதற்காக 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசை வாங்கியது. சிரித்துவிட்டு அதையே பின்பற்றுங்கள்; இதைவிட நேர்மையான முறை இல்லை.

1. ஐந்து இலைகளையும் வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வீதம் பரப்பி, பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள். காய்ந்த இலையை முதலில் கண்ணால் பாருங்கள். ஒரே அளவாக இருக்கிறதா, சிவப்பு நிறக் குச்சியும் நாரும் எவ்வளவு? பொன்னிறத் துணுக்குகள் தெரிந்தால் அவை மொட்டு. விரலால் நசுக்கினால் மொடமொடவென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது.

2. சூடாக்கிய ஒவ்வொரு கோப்பையிலும் 2.8 கிராம் போடுங்கள். மூடிவைத்து அரை நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். காய்ந்த இலை தராத வாசனை இந்த வெதுவெதுப்பில் எழும்.

3. 140 மில்லி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். கிரீன் டீக்கு மட்டும் கலந்த தண்ணீர், 3 நிமிடம். மற்ற நான்குக்கும் கொதிநீர், 6 நிமிடம். கோப்பைக்குக் கோப்பை அரை நிமிட இடைவெளி விட்டு ஊற்றினால், வடிக்கும்போதும் அதே இடைவெளியில் நிதானமாக வடிக்கலாம். ஐந்துக்கும் ஒன்றாக ஊற்றிவிட்டு ஒவ்வொன்றாக வடித்தால், கடைசிக் கோப்பை எட்டு நிமிடம் ஊறி வீணாகக் கெட்ட பெயர் வாங்கும்.

4. கிண்ணத்தில் வடித்து, சக்கையைச் சாசரில் கவிழ்த்து வையுங்கள். இலை உறிஞ்சியதுபோக 125 மில்லிக்குமேல் கிடைக்கும். ஆறு பேருக்கும் ஆளுக்கு 15 மில்லி கொடுத்தாலும் மிச்சமிருக்கும்.

5. இரண்டு மூன்று நிமிடம் ஆறட்டும். நாக்கைச் சுடும் சூட்டில் எந்த ருசியும் தெரியாது. பொதுக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டியால் அவரவர் டம்ளரில் ஊற்றிக்கொள்ள வேண்டும். வாயில் வைத்த ஸ்பூன் கிண்ணத்துக்குத் திரும்பக் கூடாது.

6. இலேசானதில் தொடங்கிக் கனமானதில் முடியுங்கள். டஸ்ட் கடைசி. அதை முதலில் குடித்தால் ஒயிட் டீ வெந்நீர்தான்.

இனி உறிஞ்சுவது. சத்தம் போட்டு உறிஞ்சாதே என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடிக்கவும் பழக்கியிருக்கிறார்கள். இன்று இரண்டையும் மறக்க வேண்டும். அண்ணாந்து ஊற்றினால் தேநீர் நாக்கின் மேல் ஓடித் தொண்டைக்குப் போய்விடும், மூக்குக்கு வேலையே இல்லை. ஸ்பூனை உதட்டில் வைத்துக் காற்றோடு சேர்த்து 'ஸ்ர்ர்' என்று வேகமாக இழுங்கள். சாரலாகச் சிதறி வாய் முழுதும் பட்டு, வாசனை பின்வழியாக மூக்கை எட்டும். இரண்டு விநாடி வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுங்கள். ஏலத்துக்கு முன் நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்; குன்னூரில் தேயிலை ஏலம் 1963இலிருந்து நடக்கிறது. துப்பக் கூச்சப்படுகிறவர் விழுங்கலாம். ஐந்தும் சேர்ந்து 75 மில்லிதான், தூக்கம் கெடாது.

குறிப்பெழுதும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் கறாராக வையுங்கள். பெரியப்பா "மூணாவதுதான் டீ" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேர் நாக்கும் மூன்றாவதுக்கே ஓட்டுப் போடும். ஆளுக்கு ஒரு தாள். வாசனை, கனம், துவர்ப்பு, விழுங்கியபின் நிற்கும் ருசி என்ற நான்குக்கும் ஐந்தில் எவ்வளவு என்று ஒரு எண். வாசனையை எழுத வார்த்தை வராதவர்களுக்கு இந்தப் பட்டியலைக் கொடுக்கலாம்: பச்சைப் பட்டாணித் தோல், வைக்கோல், மல்லிகை, ரோஜா, தேன், எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல், காய்ந்த திராட்சை, வெல்லப்பாகு, புது மண்பானை. பனிக்கால ஆர்த்தடாக்ஸில் மலர் வாசனையும் எலுமிச்சைத் தோலும் அடிக்கடி வரும். வாயைச் சுத்தப்படுத்த உப்பில்லாத பொரியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பிஸ்கட்டின் சர்க்கரை அடுத்த டீயைக் கசப்பாகக் காட்டும்.

கோப்பை சொல்லும் குற்றங்கள்

சாசரில் கவிழ்த்த சக்கையைப் பலர் பார்ப்பதே இல்லை. கறுப்புத் தேயிலையின் சக்கை புதுச் செப்புக்காசு போலப் பளிச்சென்று இருந்தால் இலை நன்றாகப் பதப்பட்டிருக்கிறது. பச்சைத் திட்டுகள் இருந்தால், காற்றுப்பட்டுக் கறுக்கப் போதிய நேரம் விடாமல் உலர்த்திவிட்டார்கள். வாயில் பச்சை வாடையும் முரட்டுத் துவர்ப்பும் வரும். சக்கை கறுத்துக் கிடந்தால் அந்த நேரம் அளவு மீறிப் போயிருக்கிறது. கோப்பையில் உயிர் இருக்காது, சிலநேரம் புளிப்பு எட்டிப் பார்க்கும்.

அடிப்பிடித்த வாடை உலர்த்தியின் சூடு கூடியதால் வருவது. விறகுப் புகை வாடை உலர்த்தியில் எங்கோ கசிவு இருப்பதால். பழைய துணி, ஈரச் சுவர் வாடை வந்தால் ஃபேக்டரியைத் திட்டுவதற்கு முன் உங்கள் டப்பாவைப் பாருங்கள். நல்ல தேயிலையில் ஈரம் மூன்று நான்கு சதவீதம்தான் இருக்கும். ஊட்டி மழைக்காலத்தில் பாக்கெட்டைக் கிளிப் போட்டு வைத்தால் சில வாரங்களில் அது இரட்டிப்பாகிவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பா, அடுப்பிலிருந்தும் அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் தள்ளி ஓர் அலமாரி. ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் இலைமேல் நீர் பனிக்கும்.

இன்னொன்று குற்றம் இல்லை, ஆனால் விருந்தாளிகள் பயப்படுவார்கள். ஆறிய டஸ்ட் தேநீர் கலங்கிப்போகும். அதன் நிறப்பொருளும் காஃபினும் குளிரில் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வதால் வருவது, சூடாக்கினால் தெளிந்துவிடும். சாறு அழுத்தமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

சனிக்கிழமை மாலை: எதோடு எது

மதியச் சாப்பாட்டோடு தேநீர் ஊற்றாதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும். நாலு மணிக்குப் புதிதாகப் போடுங்கள். இது பரிமாறுவதற்கு, ஒப்பிட அல்ல. அதனால் 6 நிமிட விதி இல்லை. முழு இலை 4 நிமிடம், பி.ஓ.பி. 3 நிமிடம், உயரத்துக்காக இலையை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

சேர்க்கையின் கணக்கு சுலபம். துவர்ப்புக்குக் கொழுப்பும் புரதமும் ஜோடி, இலேசான வாசனைக்கு இலேசான இனிப்பு ஜோடி. புளிப்பும் காரமும் துவர்ப்போடு சண்டை போடும்.

வர்க்கியிலிருந்து தொடங்கலாம். அடுக்கடுக்கான அதன் கொழுப்பு நாக்கில் மெழுகு போலப் படியும். பால் கலக்காத பி.ஓ.பி. அதைத் துடைத்துவிட்டு அடுத்த கடிக்கு இடம் கொடுக்கும். பால் டீயில் முக்கிச் சாப்பிடுவது ஊர் வழக்கம், அதைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் இந்த ஒரு மாலை முக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஒயிட் டீயோடு வர்க்கி வைக்கவே வேண்டாம், டீ காணாமல் போய்விடும்.

சாக்லேட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துண்டை வாயில் வைத்துப் பாதி கரையவிட்டு, பிறகு ஒரு மடக்கு. கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, 34 டிகிரி வாக்கில் உருகும். ஊட்டிக் குளிரில் இருந்த சாக்லேட் வாயில் கட்டியாகவே கிடக்கும். சூடான தேநீர்தான் அதைத் திறக்கிறது. 60 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டுக்கு பி.ஓ.பி.; பழமும் முந்திரியும் போட்ட பால் சாக்லேட்டுக்கு டஸ்ட். மலர் வாசனையுள்ள முழு இலையை சாக்லேட்டுக்குப் பலி கொடுக்காதீர்கள்.

அந்த முழு இலைக்கு உரியது சீஸ். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செய்கிற கவுடா, செடார் வகைகளில் முற்றாத இளசாக ஒன்று வாங்குங்கள். ஆளுக்கு 30 கிராம். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ள, தேநீரில் தேன் போன்ற ருசி மேலே வரும். இரண்டு நாளில் விருந்தாளிகள் நம்பவே மாட்டோம் என்று சொல்லிவிட்டு அதிகம் தின்னும் சேர்க்கை இதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும்; புத்தகங்கள் சொல்லும் அரைமணி நேரம் குளிர்கால மலைவீட்டுக்குப் போதாது. நீலப்பூஞ்சை சீஸ் வேண்டாம்.

பழங்களில் பேரிக்காய் ஊலாங்கோடு நன்றாகப் போகும். மே, ஜூனில் வரும் பிளம்ஸ் ஆசையைத் தூண்டும், ஆனால் அதன் புளிப்பும் தோலின் துவர்ப்பும் தேநீரை முரடாக்கிவிடும். தேனில் வேகவைத்தால் மட்டும் சேரும். பச்சை ஊட்டிக் கேரட் கிரீன் டீயோடு சேர்வது எதிர்பாராத பொருத்தம், இரண்டிலும் ஒரு பச்சை இனிப்பு இருக்கிறது. படுகர் வீட்டில் எண்ணெயில் பொரிக்கிற எண்ணெயிட்டுப் பலகாரம் கிடைத்தால் பி.ஓ.பி.க்கு அதைவிட நல்ல துணை இல்லை. கடலை மிட்டாய்க்கும் அதே பி.ஓ.பி.

மிளகாய் பஜ்ஜி கேட்பார்கள். மழை பெய்தால் கட்டாயம் கேட்பார்கள். காரத்தின் மேல் சூடான கறுப்புத் தேநீர் பட்டால் எரிச்சல் ஏறும். பால்தான் அதை ஆற்றும். ஆகவே பஜ்ஜிக்குப் பால் டீ, விவாதம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் டஸ்டுக்கு அதன் மரியாதையைத் திருப்பிக் கொடுங்கள். 600 மில்லி தண்ணீர் கொதித்ததும் 16 கிராம் டஸ்ட், சிறு தீயில் 4 நிமிடம். சமவெளியில் மூன்று போதும், இங்கே கொதிநிலை குறைவு. தனியாகக் காய்ச்சிய 350 மில்லி பால் சேர்த்து ஒரு கொதி, வடித்து ஆற்றி ஊற்றவும். பாலைத் தூளோடு சேர்த்துப் பத்து நிமிடம் காய்ச்சுவதில் கசப்பும் காய்ந்த பால் வாடையும்தான் மிச்சம். முந்தின நாள் முழு இலையில் அரை டீஸ்பூன் பால் விட்டு ஒரு மடக்கு எல்லாருக்கும் கொடுங்கள். அது ஏன் பாலுக்கு ஆகாது என்று சொல்லாமலே புரியும்.

பிறகு ஒரு பந்தயம். அதிக விலை கொடுத்த பனிக்கால பி.ஓ.பி., இதற்கென்று தனியாக வாங்கிய சாதாரண பி.ஓ.பி. இரண்டையும் ஒரே அளவில் போட்டு, மூன்று டம்ளரில் ஊற்றுங்கள்: இரண்டு டம்ளரில் ஒரே டீ, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க இதற்கு எவர்சில்வர் டம்ளர்தான் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். ஆறில் ஐந்து பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் மெய். இரண்டு பேர்தான் சொன்னார்கள் என்றால், அடுத்த முறை மலிவானதையே வாங்கலாம்.

மதியத்துக்கு ஐஸ் டீ. சனிக்கிழமை இரவே ஒரு லிட்டர் குடிநீரில் 10 கிராம் முழு இலை போட்டு மூடி ஃபிரிட்ஜில் 8 மணி நேரம் வைத்தால் வேலை முடிந்தது, அடுப்பே வேண்டாம். குளிர்நீரில் துவர்ப்பும் காஃபினும் குறைவாகவே இறங்குவதால் சர்க்கரை கேட்காது. மேல்மலை ஆர்த்தடாக்ஸ் குளிர்ந்தாலும் கலங்காமல் தெளிவாக நிற்கும். வடித்தபின் அன்றே குடித்துவிடுங்கள். எலுமிச்சை பிழிய நினைத்தால் குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள், நிறம் வெளுப்பதைக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டலாம்.

கிளம்புகிறவர்கள் கையில் மிச்ச இலையைக் கொடுத்தனுப்பும்போது பாக்கெட்டின் மேல் எடையையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். கோயம்புத்தூரில் தண்ணீர் கூடுதல் சூட்டில் கொதிக்கும் என்பதால் ஒரு நிமிடம் குறைத்து எழுதுங்கள். சக்கையை ரோஜாத் தொட்டிக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் போடலாம். பால் பட்ட சக்கையை மட்டும் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள், தொட்டியில் போட்டால் மறுநாளே எறும்பு மொய்க்கும்.